கணிதம் கற்பித்த குரு: அருட்தந்தை சார்லஸ் ரசீன், சே.ச. (1897–1976)



யூபிலி மலர் என்றால் அதில் பங்கின் வரலாறு இருக்கும். ஆசிச் செய்திகள் இருக்கும். திருமுழுக்கு இத்தனை, புதுநன்மை இத்தனை, திருமணம் இத்தனை என்று பதிவேடுகளிலிருந்து எடுத்த கணக்கும் இருக்கும். இவை யாவும் இம்மலரிலும் உண்டு. இவற்றினிடையே பிரெஞ்சு நாட்டில் பிறந்த ஒரு கணிதப் பேராசிரியரின் வாழ்க்கைக்குச் சில பக்கங்களை ஏன் ஒதுக்கினோம் என்று சிலர் கேட்கக்கூடும். அவர் நம் பங்கை நிறுவியவர் அல்லர். நம் ஆலயத்தை எழுப்பியவரும் அல்லர்.

ஆயினும் காஞ்சிபுரத்தில் பிறந்து, செங்கல்பட்டில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பையன், உலகம் போற்றும் கணித அறிஞராக உயர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அந்த இரு ஊர்களுக்கும் இடையிலேதான் நமது வாலாஜாபாத் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் ரயில் நம் ஊர் நிலையத்தில் நின்றுதான் போகிறது. ஆகவே அருட்தந்தை சார்லஸ் ரசீன் அவர்களின் கதை நமக்கு அயலார் கதை அன்று.

தமிழகத்தில் உழைத்த சேசு சபைக் குருக்களில் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலியை நாம் அறிவோம். தேம்பாவணி தந்த வீரமாமுனிவரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ரசீன் தந்தையையோ கணிதம் கற்றோர் உலகெங்கும் அறிந்திருக்க, கத்தோலிக்கர்களாகிய நாம் மறந்துவிட்டோம். இந்தக் குறையை ஓரளவேனும் போக்குவது நம் கடமை.

இளமையும் கல்வியும்

சார்லஸ் ரசீன் 1897-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தார். அவர் இளைஞராய் இருந்த காலம் கொடிய காலம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர் அவருடைய தலைமுறையைச் சேர்ந்த பிரெஞ்சு வாலிபர்களில் பல இலட்சம் பேரை விழுங்கிற்று. பாரிஸ் நகரின் உயர்கல்விக் கூடங்களில் பயின்ற இளம் கணித மாணவர்களும் போர்முனையில் மடிந்தனர். போருக்குப் பின் அந்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் முதியவர்கள் இருந்தனர், மாணவர்கள் இருந்தனர், இடையில் நின்று கைகொடுக்க வேண்டிய தலைமுறைதான் இல்லை. ஒரு தலைமுறை ஆசிரியர்கள் இல்லாமற் போனால் ஒரு நாட்டின் கல்வி என்னவாகும் என்பதை அக்காலத்துப் பிரான்சு கண்கூடாகக் கண்டது.

ரசீன் சேசு சபையில் சேர்ந்தார். குருத்துவப் பயிற்சியோடு கணிதத்தையும் விடாமல் பயின்றார். பாரிஸில் அவருக்கு வழிகாட்டியவர் எலீ கார்த்தான் என்னும் பெரும் கணித மேதை. கார்த்தான் ஒரு கிராமத்துக் கொல்லரின் மகன். இரும்படிக்கும் பட்டறையிலிருந்து உலகின் முதன்மையான கணித அறிஞர் வரிசைக்கு வந்தவர் அவர். அவர் வழிகாட்டுதலில் 1934-ஆம் ஆண்டு ரசீன் டாக்டர் பட்டம் பெற்றார். பல பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்து இயங்கும்போது, அவற்றின் இயக்கத்தை ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைப்படி எப்படிக் கணக்கிடுவது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். கோள்கள் ஞாயிற்றைச் சுற்றுவது போன்ற இயக்கங்களைப் பற்றிய பழைய கேள்வியை, அன்று புதியதாயிருந்த கொள்கையின் துணைகொண்டு அணுகிய ஆய்வு அது.

அதே காலத்தில் பிரான்சில் ஆந்திரே வேய், எலீ கார்த்தானின் மகன் ஆன்றி கார்த்தான் முதலிய இளம் அறிஞர்கள் ஒன்றுகூடி, நிக்கொலா பூர்பாக்கி என்ற கற்பனைப் பெயரில், கணிதம் முழுவதையும் அடித்தளத்திலிருந்து புதிதாக எழுத முற்பட்டனர். போரில் அறுந்துபோன தொடர்பை மீண்டும் முடிய அவர்கள் செய்த முயற்சி என்றும் அதைச் சொல்லலாம். இந்த வட்டாரத்தோடு ரசீன் தந்தைக்கு நெருங்கிய நட்பு உண்டு. அவர் விரும்பியிருந்தால் பாரிஸிலேயே இருந்து ஆராய்ச்சியில் பெயர் பெற்றிருக்கலாம். அவரோ கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாட்டை ஏற்றவர். 1937-ஆம் ஆண்டு, தமது நாற்பதாவது வயதளவில், அவர் தமிழகம் வந்து சேர்ந்தார்.

அன்றைய நிலை

முதலில் அவர் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் கற்பித்தார். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு மாறிய கல்லூரி அது. அங்கே ஈராண்டு பணியாற்றியபின் 1939-ல் சென்னை லயோலா கல்லூரிக்கு வந்தார். 1925-ல் அருட்தந்தை பெர்ட்ரம் அவர்களால் நிறுவப்பட்ட லயோலா அப்போது வயதில் இளைய கல்லூரி. அங்கே ரசீன் தந்தை 1967 வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகள், கணிதம் கற்பித்தார்.

அவர் வந்தபோது சென்னையில் கணிதம் எப்படி இருந்தது என்பதை நாம் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். சீனிவாச ராமானுஜன் மறைந்து (1920) பதினேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. மாநிலக் கல்லூரியில் ஆனந்தராவ், பல்கலைக் கழகத்தில் வைத்தியநாதசுவாமி ஆகிய பெரியோர் ஆராய்ச்சி செய்துவந்தனர். ஆகவே கணிதம் தெரியாத ஊருக்கு அவர் வந்தார் என்று சொல்வது பெருந்தவறாகும். ஆனால் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் பழைய முறையைப் பின்பற்றியது. கடினமான கணக்குகளை விரைவாகப் போடுவதே திறமை என எண்ணப்பட்டது. நவீன இயற்கணிதம், இடவியல், புதிய வடிவியல் என ஐரோப்பாவில் தழைத்த துறைகள் நம் மாணவர்களுக்கு எட்டவில்லை.

இந்நிலையை மாற்ற முயன்றவர் ரசீன் தந்தை ஒருவரே அல்லர். அவருடைய நண்பர் ஆந்திரே வேய் தமது இளம் வயதிலேயே, 1930 முதல் 1932 வரை, அலிகார் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். தமிழரான விஜயராகவனை அங்கே ஆசிரியராகக் கொண்டுவந்தார். புரட்சிகரமான மாறுதல்களைச் செய்ய முற்பட்ட வேய், ஈராண்டுகளில் அங்கிருந்து விலக நேர்ந்தது. மேதையால் இரண்டாண்டில் இயலாததை ஒரு குரு தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்துச் செய்தார் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டுவது.

பரீட்சையும் பாடமும்

அக்காலத்தில் லயோலா கல்லூரி சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைக்கப்பட்ட கல்லூரி. பாடத்திட்டத்தை வகுப்பதும், வினாத்தாள் தருவதும், பட்டம் அளிப்பதும் பல்கலைக் கழகமே. கல்லூரி தன்னாட்சி பெற்றது 1978-ல். அதாவது ரசீன் தந்தை இறந்து இரண்டாண்டுகள் கழித்து. ஆகவே ஒரு துறையைப் புதுப்பிக்க வேண்டிய அதிகாரம் எதுவும் அவர் கையில் இல்லை. இருந்தது வகுப்பறை ஒன்றே.

அவரிடம் பயின்றோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவற்றிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. பரீட்சைக்கு ஏற்றவாறு வரிசையாகக் குறிப்புக் கொடுத்துப் பாடம் நடத்துவது அவருடைய வழக்கம் அன்று. விரிவுரையை எளிதில் பின்தொடர முடியாத மாணவர்களும் இருந்தனர். மதிப்பெண்ணையே நாடியவர்களுக்கு அவர் வகுப்பு ஏமாற்றமாகவும் இருந்திருக்கலாம். இதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஆர்வமுள்ள மாணவனுக்கு அந்த வகுப்பில் வேறொன்று கிடைத்தது. கணிதம் முடிந்துபோன பாடம் அன்று, இன்றும் உயிரோடு வளர்ந்து வருகிறது என்ற உணர்வு அது. பாடநூலில் பெயராக மட்டும் இருந்த அறிஞர்கள் அவருக்கு ஆசிரியர்கள், நண்பர்கள். அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் வாயிலாக ஒரு சென்னை மாணவன் கேட்டறிய முடிந்தது. புதிய நூல்களைப் படிக்கும்படி அவர் தூண்டினார்.

அவருக்கு உறுதுணையாகக் கல்லூரியில் திறமைமிக்க பொதுநிலை ஆசிரியர்கள் இருந்தனர். பேராசிரியர் எஸ். நாராயணன் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். நல்ல மாணவர்கள் ரசீன் தந்தையையும் நாராயணனையும் சேர்த்தே தம் ஆசான்களாகப் போற்றியுள்ளனர். ஒரு துறை தனியொருவரால் நிற்பதன்று. ஒருவர் தொலைவைக் காட்ட, மற்றவர் காலடியைச் செம்மைப்படுத்த, அது நிற்கிறது. ஒரு பங்கும் அப்படித்தானே!

வேலையற்றவருக்கு ஒரு துணை

சுப்பராமையா மீனாட்சிசுந்தரம் என்னும் அறிஞர் லயோலாவில் பயின்று, ஆனந்தராவிடம் ஆராய்ச்சி செய்து, 1940-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அந்த நெருக்கடியில் அவருக்குக் கைகொடுத்தவர்களுள் ரசீன் தந்தை ஒருவர். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லி அவர் வாழ்க்கையை நடத்த வழிசெய்து கொடுத்தார். பின்னர் மீனாட்சிசுந்தரம் ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நிலையத்திற்கு அழைக்கப்பட்டார். சுவீடன் நாட்டு அறிஞர் பிளேயெல் என்பவரோடு சேர்ந்து அவர் 1949-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. பசித்திருந்த வேளையில் ஒருவருக்குக் கிடைத்த சிறு உதவி பின்னால் எவ்வளவு பலன் தருகிறது என்பதற்கு இது சான்று.

நம் பக்கத்துப் பிள்ளை

இனி, தொடக்கத்தில் சொன்ன பையனின் கதைக்கு வருவோம். சி. எஸ். சேஷாத்ரி 1932-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் பிறந்தார். தந்தையார் செங்கல்பட்டில் பெயர்பெற்ற வழக்கறிஞர். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் இவர் மூத்தவர். பள்ளிப் படிப்பு முழுவதும் செங்கல்பட்டிலேயே. 1948-ல் இண்டர்மீடியட் வகுப்பில் லயோலாவில் சேர்ந்து, 1953-ல் கணித ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் அவரோடு லயோலாவிலிருந்து வெளிவந்தவர் எம். எஸ். நரசிம்மன். அவரும் 1932-ல் பிறந்தவர். அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் தண்டரை என்னும் சிற்றூர்க்காரர். கிராமத்துப் பள்ளியில் படித்தவர். இவ்விருவரும் இயல்பாக என்ன செய்திருப்பர்? அரசுத் தேர்வு எழுதி அதிகாரிகளாகியிருக்கலாம். ஏதேனும் ஒரு கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்திருக்கலாம். ரசீன் தந்தையோ அவர்களைப் பம்பாய்க்கு அனுப்ப விரும்பினார்.

பம்பாயில் ஓமி பாபா 1945-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியிருந்தார். அதன் கணிதப் பிரிவை 1949 முதல் கே. சந்திரசேகரன் வளர்த்துவந்தார். லயோலாவில் எம்.ஏ. பயின்ற கே. ஜி. இராமநாதனும் அங்கே சேர்ந்திருந்தார். உலகின் சிறந்த கணித அறிஞர்களை அழைத்து, மாதக்கணக்கில் விரிவுரையாற்றச் செய்து, இளைஞர்களைக் கொண்டு அவற்றைக் குறிப்பெடுத்து அச்சிடுவது அங்கே வழக்கம். 1953-ல் சேஷாத்ரியும் நரசிம்மனும் அங்கே சேர்ந்தனர். பிறகு இருவரும் பாரிஸ் சென்று பயின்றனர். எந்த ஊரைவிட்டு ரசீன் தந்தை தமிழகம் வந்தாரோ அந்த ஊருக்கே அவருடைய மாணவர்கள் போய், அவருடைய நண்பர்களிடம் பாடம் கேட்டார்கள்.

1965-ல் இருவரும் சேர்ந்து ஒரு தேற்றத்தை நிறுவினர். கணிதத்தின் இரு வேறு துறைகளுக்கிடையே ஒரு பாலம் கட்டியது அத்தேற்றம். நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்றே அது உலகில் வழங்குகிறது. இயற்பியலாரும் பிற்காலத்தில் அதைப் பயன்படுத்தினர். இருவரும் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராயினர். இருவருக்கும் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது.

இவர்களுக்குப் பின்னரும் லயோலாவிலிருந்து பம்பாய்க்குச் செல்வோர் தொடர்ந்தனர். 1957-ல் இராகவன் நரசிம்மனும், சி. பி. இராமானுஜமும் சென்றனர். இராமானுஜம் அரிய திறமை படைத்தவர். ஆனால் மனநோயோடு நெடுநாள் போராடி, 1974-ல் தமது 36-ஆம் வயதிலே மறைந்துவிட்டார். அப்போது ரசீன் தந்தை 77 வயது முதியவர். தாம் ஊக்கிவிட்ட இளைஞன் தமக்கு முன்னே போனதைக் காணும் துயரமும் அந்தக் குருவுக்கு வாய்த்தது.

கொடுத்தனுப்பியவர்

ஒரு கல்லூரித் துறைக்குத் தலைமை என்றால் நாம் என்ன எண்ணுகிறோம்? தேர்ச்சி விழுக்காடு உயரவேண்டும். நல்ல மாணவர்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். தம் பெயரால் ஆராய்ச்சி வெளிவர வேண்டும். ரசீன் தந்தை செய்தது வேறு. தம்மிடம் வந்தவர்களுள் சிறந்தவர்களை அடையாளம் கண்டு, தம்மைவிட அதிகம் கற்றுத்தரக்கூடிய இடத்திற்கு அனுப்பிவைத்தார். பெரும் தேற்றம் எதுவும் அவர் பெயரால் வழங்கவில்லை. அவர் வளர்த்தோரின் பெயர்களால் வழங்குகின்றன. தமக்கு வளரவேண்டியதை மற்றவர்க்கு விட்டுக்கொடுத்த திருமுழுக்கு யோவானை இங்கே நாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். அவருடைய புகழ்பெற்ற மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்தினர். சேஷாத்ரி கர்நாடக இசையில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். அவர்கள் தம் குடும்ப வழியிலேயே வாழ்ந்தனர். பங்குப் பதிவேட்டை மட்டும் பார்க்கிறவர், முப்பதாண்டுக் காலம் ஒரு மறைபரப்புக் குரு என்ன சாதித்தார் என்று கேட்கலாம். நாமும் இளங்குருவாய் இருந்தபோது அப்படிக் கேட்டிருப்போம். இன்று அக்கேள்வி தவறெனத் தோன்றுகிறது. உண்மையைத் தேடுவோருக்குப் பிரதிபலன் பாராமல் துணைநிற்பது நற்செய்திப் பணியே. விதைப்பவர் கையில் அறுவடைக் கணக்கு இருப்பதில்லை என்பதை ஆண்டவரே உவமைகளில் நமக்குக் கற்பித்திருக்கிறார்.

1967-ல் அவர் கற்பிக்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். 1976-ல் இறைவனடி சேர்ந்தார். தமது வாழ்நாளில் சரிபாதிக்குச் சற்றே குறைவான காலத்தை அவர் நம் நாட்டிற்கு ஈந்தார்.

திரும்பி வந்த பலன்

சேஷாத்ரி பம்பாயில் முப்பதாண்டுகள் பணியாற்றியபின் சென்னைக்குத் திரும்பினார். 1989-ல் அவர் தொடங்கிய சிறு கணிதப் பள்ளியே இன்று சென்னைக் கணிதக் கழகமாக வளர்ந்துள்ளது. 2005 முதல் அது சிறுசேரியில் இயங்குகிறது. செங்கல்பட்டில் பள்ளிக்குச் சென்ற பையன், இன்று செங்கல்பட்டு மாவட்டமாக உள்ள அதே பகுதியில் உலகத்தரம் வாய்ந்த ஒரு கல்விக்கூடத்தை விட்டுச்சென்றார். அங்கே தலைசிறந்த ஆராய்ச்சியாளர்களே பட்டப்படிப்பு மாணவர்களுக்கும் பாடம் நடத்துகிறார்கள். லயோலாவின் ஒரு வகுப்பறையில் ரசீன் தந்தை தனியாகச் செய்துவந்தது அங்கே ஒரு கழகத்தின் நடைமுறையாகிவிட்டது. சேஷாத்ரி 2020 ஜூலையிலும், நரசிம்மன் 2021 மே மாதத்திலும் மறைந்தனர்.

நமக்கு ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணிபுரிந்த ஒரு பங்கில், பன்னிரண்டாம் வகுப்பை நன்கு முடித்த ஒரு மாணவி சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தாள். கல்லூரியில் கணிதம் படிக்க வேண்டும் என்றாள். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பதே நாம் கேட்ட முதல் கேள்வி. அவளால் பதில் சொல்ல இயலவில்லை. வேறு படிப்பைச் சொன்னோம், பெற்றோரும் மகிழ்ந்தனர், அவளும் கீழ்ப்படிந்தாள். இன்று நல்ல வேலையில் இருக்கிறாள், குறையொன்றுமில்லை. ஆயினும் கணக்கில் அவளுக்கு எது பிடித்திருக்கிறது என்று நாம் கேட்கவேயில்லை. ரசீன் தந்தையின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் நம் நினைவில் வந்து நிற்கிறது.

அன்பர்களே! நெசவும் உழவும் செய்து, கடன்பட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் வேலையைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. அது கேட்கவேண்டிய கேள்விதான். அது ஒன்றே கேள்வியாகிவிடக் கூடாது என்பதே நாம் சொல்ல விரும்புவது. நம் பங்கிலுள்ள ஆசிரியர்களையும் மறைக்கல்வி நடத்துவோரையும் இந்த யூபிலி ஆண்டில் ஒன்று வேண்டுகிறோம். ஆர்வத்தோடு கேள்வி கேட்கும் பிள்ளை எம்மதத்தினராயினும், எத்தெருவினராயினும், அப்பிள்ளையை அடையாளம் காணுங்கள். உங்களால் சொல்லித்தர இயலாவிட்டால் இயன்றவரிடம் அனுப்பிவையுங்கள். அப்படி ஒரு கடிதம் வேண்டுமென்றால், இம்முறை நாம் வேறு கேள்வி கேட்டே எழுதித்தருவோம்.

பிரெஞ்சு மொழியில் ரசீன் என்னும் சொல்லுக்கு வேர் என்பது பொருள். கணக்கில் வரும் வர்க்கமூலத்தையும் அவர்கள் அச்சொல்லாலேயே குறிப்பர். ஆண்டவர் இந்த நல்ல குருவுக்கு நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. நம் பங்கின் பிள்ளைகளுக்கு அவரைப் போன்ற ஆசிரியர்களையும் தருவாராக.